ஜெல்லி உறையவும் வேண்டும், நுண்ணுயிர் பிழைக்கவும் வேண்டும்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜெலட்டின் பொடியையும் புரோபயாட்டிக் (நல்ல நுண்ணுயிர்) கேப்ஸ்யூலையும் ஒரே பையில் போட்டு வாங்கிப்போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கடை மிட்டாய்க்குப் பதில் வீட்டிலேயே பழ ஜெல்லி செய்து, அதில் வயிற்றுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிரையும் சேர்க்கலாம் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் கல்லாவில் நின்று கேட்கும்போது பலரும் சொல்வது: "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க வச்சு ஊத்திட்டோம்." அப்படிச் செய்தால் கேப்ஸ்யூலுக்குக் கொடுத்த காசு அடுப்பிலேயே போய்விடும். அதனால்தான் இந்த மடல்.

ஜெலட்டின் கரைய சூடு வேண்டும். லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்களுக்கோ சூடு ஆகாது. 45 டிகிரியைத் தாண்டினால் தளரத் தொடங்கி, 60 டிகிரியில் கொஞ்ச நேரத்திலேயே பெரும்பாலும் செத்துவிடும். இதற்குத் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் உங்கள் கைக்கே தெரிந்த அளவு ஒன்று உண்டு: பாலுக்கு உறை ஊற்றும் சூடு. விரலை விட்டால் இதமாக இருக்கும், சுடாது. அந்தப் பதத்தில்தான் கேப்ஸ்யூல் பொடியைச் சேர்க்க வேண்டும். தயிர் உறைகிற வீட்டில் இது கெட்டுப்போக வழியில்லை.

சாறு முழுவதையும் சூடாக்கி, ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பங்கை மட்டும் சூடாக்குங்கள். கணக்கு இதுதான்.

பன்னீர் திராட்சை அரைக் கிலோ எடுத்து, அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீர் விட்டுத் தோல் விரியும்வரை வேகவைத்து, மசித்து வடிகட்டினால் 250 மில்லிக்குக் குறையாமல் சாறு வரும். அதை நன்றாக ஆறவிடுங்கள். 100 மில்லியைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி, அதன்மேல் 25 கிராம் ஜெலட்டின் பொடியை மழைத்தூறல்போலத் தூவி, பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். பொடியைப் போட்டுவிட்டு மேலே சாற்றை ஊற்றினால் கட்டி தட்டும்; வெளியே ஊறி உள்ளே உலர்ந்த அந்தக் கட்டி எவ்வளவு கிளறினாலும் கரையாது. சாறு சூடாக இருந்தாலும் இதே கதைதான். ஊறியதும் அது ஈரமணல்போல ஆகி, பிறகு கெட்டிப்படும். அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, மெதுவாகக் கிளறி, 60 டிகிரிவரை கொண்டுபோனால் போதும். ஸ்பூனின் பின்பக்கத்தில் ஒரு மணிகூட ஒட்டாமல் கண்ணாடிபோல வழிந்தால் கரைந்துவிட்டது என்று அர்த்தம். கொதிக்கவிடாதீர்கள், தொடர்ந்து கொதித்தால் ஜெலட்டினின் இறுகும் பலம் குறையும்.

இப்போது மீதி 150 மில்லிச் சாற்றை, அறைச் சூட்டில் இருப்பதை, இதில் ஊற்றுங்கள். நம் ஊர் அறைச் சூடு 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கலவை 43, 44 டிகிரிக்கு வந்து நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் உறை ஊற்றும் சூடு. கேப்ஸ்யூலைத் திறந்து பொடியை ஒரு ஸ்பூன் கலவையில் குழைத்துவிட்டு, பிறகு மொத்தத்திலும் கலக்குங்கள். மிக்ஸி, முட்டை அடிக்கும் கருவி எதுவும் வேண்டாம். நுரை கட்டினால் அது மேலே ஏறி வெள்ளைப் படலமாக உறைந்துவிடும்.

ஃப்ரிட்ஜில் இருந்த சாற்றை அப்படியே எடுத்து ஊற்றுவது இன்னொரு தவறு. கணக்குப் போட்டால் கலவை 30 டிகிரிக்கு இறங்கிவிடும். ஊற்றின இடத்திலேயே ஜெலட்டின் நூல்நூலாகத் திரிந்துகொள்ளும். அவசரத்தில் இப்படி ஆகிவிட்டால், நுண்ணுயிர் சேர்ப்பதற்கு முன்பாக இருந்தால் மட்டும், மறுபடி சுடுதண்ணீரில் வைத்துச் சரிசெய்யலாம்.

லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவிய தட்டிலோ சிலிக்கான் அச்சிலோ ஊற்றி, ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், வெளியே எடுத்ததும் நீர் விட்டுச் சொதசொதவென்று ஆகும். இந்த அளவில் மென்று சாப்பிடும் கெட்டியான துண்டுகள் இருபது வரும். திராட்சையில் இருக்கும் இனிப்பே போதும், சர்க்கரை தேவையில்லை. அப்படியும் ஒரு துண்டில் ஏறக்குறைய 2 கிராம் சர்க்கரை இருக்கிறது; சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளவும். கிண்ணத்தில் தளதளவென்று ஆடும் ஜெல்லி வேண்டும் என்றால் அரை லிட்டருக்கு 7 கிராம் ஜெலட்டின் போதும்.

25 கிராம் என்று நாங்கள் சொல்வது 250 புளூம் உள்ள பொடிக்கு. புளூம் என்பது ஜெலட்டின் எவ்வளவு பலமாக இறுகும் என்பதற்கான எண். 160, 180 என்று போட்ட பொடியானால் 30 கிராம் எடுங்கள். ஸ்பூன் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், தராசில் நிறுத்துப் போடுவதே சரி.

பழத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "உங்க ஜெலட்டின் உறையல" என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பச்சை அன்னாசிச் சாறு சேர்த்தவர்கள். ஆட்டுக்கறி மெத்தென்று வேக ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவோமே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. கறியில் இருக்கும் புரதத்தை உடைக்கும் நொதி ஜெலட்டினையும் உடைக்கும், ஜெலட்டினும் புரதம்தானே. அன்னாசி, பப்பாளி, கிவி, அத்தி, இஞ்சி இவற்றில் இந்த நொதி உண்டு. இவற்றை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் நொதி செயலிழக்கும், பிறகு தாராளமாகப் பயன்படுத்தலாம். மாம்பழக் கூழையும் பண்ருட்டிப் பலாச்சுளைக் கூழையும்கூட ஒருமுறை கொதிக்கவைத்துச் சேர்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, தர்பூசணி ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சாத்துக்குடிச் சாறு மட்டும் பிழிந்து வைத்தாலும் சூடாக்கினாலும் கசக்கும், அதனால் நாங்கள் அதைச் சிபாரிசு செய்வதில்லை. எலுமிச்சையைக் கொட்டாதீர்கள். புளிப்பு ஏற ஏற நுண்ணுயிர் ஃப்ரிட்ஜிலேயே நாளுக்கு நாள் குறையும். அதனால்தான் ஒரு வாரத்துக்கு மொத்தமாகச் செய்யாமல், மூடி போட்ட டப்பாவில் வைத்து நான்கு நாளில் தீருகிற அளவுக்குச் செய்யச் சொல்கிறோம்.

கேப்ஸ்யூல் வாங்கும்போது அட்டையில் மூன்றைப் பாருங்கள்: நுண்ணுயிரின் முழுப் பெயர், எண்ணிக்கை, எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்ற குறிப்பு. எண்ணிக்கை "தயாரித்த நாளில்" என்று போட்டிருக்கிறதா, "காலாவதி நாள்வரை" என்று போட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். 500 கோடி எண்ணிக்கை உள்ள கேப்ஸ்யூல் இரண்டைச் சேர்த்து இருபது துண்டாக வெட்டினால், செய்த அன்றைக்குத் துண்டுக்கு 50 கோடி. குளிரில் வைக்க வேண்டிய வகையை எங்களிடம் ஐஸ் பையோடுதான் தருகிறோம். அதை வாங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, கத்திரி வெயிலில் பெரிய மார்க்கெட்டைச் சுற்றிவிட்டுக் கடலூர் போனால், வீட்டில் எடுத்துவைப்பது வெறும் பொடிதான்.

சைவர்களுக்கும் ஹலால் பார்க்கிறவர்களுக்கும்: ஜெலட்டின் என்பது மாடு, பன்றி அல்லது மீனின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. எந்தப் பாக்கெட் எதிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்றால் நோன்பு நாளில் வீடுகளில் செய்கிற கடற்பாசி (அகர் அகர்) இருக்கிறதே, அதுவே போதும். 250 மில்லிக்கு 2 கிராம் பொடி. ஆனால் இது நேர்மாறான சுபாவம் உள்ளது. இரண்டு மூன்று நிமிடம் கொதித்தால்தான் கரையும், 40 டிகிரிக்குக் கீழே வந்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையத் தொடங்கும். லாக்டோபேசிலஸ் சேர்க்க உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். இதற்கு வித்து வகை நுண்ணுயிரான பேசிலஸ் கோயகுலன்ஸ் பொருந்தும். அது வித்தாக உறங்கும் நிலையில் சூட்டைத் தாங்கும். அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியபின் கலக்கலாம்.

டிபன் பாக்ஸுக்கும் கடற்பாசிதான் சரி. ஜெலட்டின் துண்டு 30 டிகிரியைத் தாண்டினாலே இளகும். வெயில் காலத்தில் பதினோரு மணி இடைவேளைக்குள் பாகாகிவிடும். பள்ளிக்கு வேண்டாம், சாயங்காலம் வீட்டில் கொடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவுக்கு வெட்டிக் கொடுங்கள், உட்காரவைத்துக் கொடுங்கள். கடற்பாசித் துண்டு வாயில் கரையாது, வழுக்கித் தொண்டையில் அடைக்கலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் சேர்த்தது ஆகாது. குறைமாதக் குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் புரோபயாட்டிக் கொடுக்கவே கூடாது. மற்றபடி இது தீனி, மருந்தல்ல; எந்த நுண்ணுயிர் எதற்கு உதவும் என்பது இனத்துக்கு இனம் மாறும். ஜெலட்டினையும் முழுப் புரதம் என்று நம்பிவிடாதீர்கள், அதில் உடலுக்குத் தேவையான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் கிடையாது.

கடல் காற்றுக்குப் பொடி சீக்கிரம் ஈரம் கோக்கும். பாக்கெட்டைப் பிரித்ததும் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். பிரிக்கும்போதே பொடி கட்டியாக இருந்தால் பாக்கெட்டோடு கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். பச்சை அன்னாசி போட்டு உறையாமல் போனதற்கு மட்டும் மாற்று கேட்காதீர்கள்; அதை டம்ளரில் ஊற்றி ஜூஸாகக் குடித்துவிடலாம்.

அன்புடன்,
கடையினர்,
புதுச்சேரி