பானையின் அடிப்பக்கம்

மதுரை,
வியாழன் இரவு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்கள் வந்தன, தெற்குப் பிரான்ஸின் மண்பாண்ட ஊரான வலோரிஸில் எடுத்தவை. சதுக்கத்தில் ஆட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பிகாசோவின் வெண்கல மனிதன், அவர் ஓவியம் தீட்டிய தேவாலயம், கையில் ஐஸ்கிரீமோடு நீ. பதினேழு படங்களில் ஒன்றில்கூட அந்த ஊர்க் குயவர் சூசான் ராமியே இல்லை. உன்மேல் குறையில்லை. பிகாசோ கால் வைத்த ஊரில் வேறு யாரும் கண்ணில் படுவது கடினம்.

நான்கு மாதம் நீ வரைந்த வடிவமைப்பை உன் மேலதிகாரி தன் பெயரில் காட்டியதையும், நீ கைதட்டிவிட்டு வந்ததையும் போன வாரம் சொன்னாய். அப்பா "வேலை என்றால் அப்படித்தான்" என்றார். எனக்கு அது செரிக்கவில்லை. முப்பது வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்தவளுக்கு இந்த மாதிரி நேரத்தில் மண்பானை வனைந்த அந்த சூசான்தான் நினைவுக்கு வருகிறார்.

சூசான் 1905இல் லியோனில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் தூலி. அங்கேயே கவின்கலைப் பள்ளியில் படித்து, பட்டுத்துணிக்கு வடிவங்கள் வரைந்தார். 1930களில் கணவர் ஜார்ஜ் ராமியேயோடு வலோரிஸுக்கு வந்தபோது ஊர் நொடித்துக் கிடந்தது. நெருப்புத் தாங்கும் மண் கிடைக்கும் இடம் அது. உள்பக்கம் மட்டும் மெருகு பூசிய சமையல் சட்டிகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து விற்றவர்கள். அலுமினியமும் வார்ப்பிரும்பும் வந்து சட்டியைத் தள்ளிவிட்டன. எவர்சில்வர் வந்ததும் உன் ஆச்சியின் குழம்புச் சட்டி பரணில் ஏறியதே, அதுபோல. ஊர்ச் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த காலத்தில் இந்த அம்மாள் உள்ளூர்க் குயவர் ஒருவரிடம் தொழில் பழகி, 1938இல் சொந்தப் பட்டறை தொடங்கினார். பெயர் மதூரா. எனக்கு முதலில் நம் ஊர்ப் பெயர் போல் கேட்டது, சம்பந்தமே இல்லை. 'மெசோன் தூலி ராமியே', அதாவது தூலி ராமியே இல்லம் என்பதன் பிரெஞ்சு முதலெழுத்துகளைச் சேர்த்தது.

1946 ஜூலையில் ஊரில் நடந்த மண்பாண்டக் கண்காட்சிக்குப் பிகாசோ வந்தார். மதூராவில் உட்கார்ந்து இரண்டு மூன்று சிற்றுருவங்கள் பிசைந்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் வந்து பார்த்தால் அவை சுடப்பட்டுப் பத்திரமாக இருந்தன. பிறகு அவர் அந்தப் பட்டறையை விடவில்லை. (அவர் பின்னாளில் மணந்த ஜாக்லின் ரோக் அங்கே வேலை பார்த்தவர். வம்பு எழுதுகிறவர்களுக்கு அதுதான் பெரிய செய்தி.)

நான் சொல்ல வந்தது வேறு. பிகாசோ சக்கரத்தில் வனைந்தவர் அல்ல. வனைந்தவர் ஜூல் அகார் என்ற தொழிலாளி. வனைந்து இறக்கிய பச்சைக் குடுவையின் கழுத்தைப் பிகாசோ பிடித்து அழுத்துவார், இடுப்பை ஒடிப்பார், குடுவை பெண்ணாகிவிடும். பார்க்க மந்திரம் போல இருக்கும். ஆனால் மண் ஈரமாக இருந்தால் குடுவை உட்கார்ந்துவிடும், காய்ந்திருந்தால் விரிசல் விடும். நடுவில் இருக்கும் அந்தப் பதம் சில மணி நேரம்தான். சுவர் எங்கும் ஒரே கனமாக இல்லாவிட்டால் மடிக்கவும் முடியாது. அவர் இஷ்டத்துக்கு அப்பிய பூச்சுகளைச் சூளையிலிருந்து சேதமில்லாமல் எடுப்பதும் பட்டறையின் பாடுதான். அவர் ஓவியம் தீட்டிய ஜாடிகளிலும் தட்டுகளிலும் பலவற்றின் வடிவம் சூசானுடையது. அந்த வளைவின்மேல்தான் ஆந்தையும் முகமும் வந்து உட்கார்ந்தன.

இதைப் படித்துவிட்டு சூசானைப் பாவம் என்று நினைக்காதே. அவர் பட்டறையின் முதலாளி. பிகாசோவின் 633 வடிவங்களை மதூரா படியெடுத்து விற்றது. ஒவ்வொன்றிலும் 25 முதல் 500 பிரதிகள் வரை. நலிந்து கிடந்த ஊருக்கு அதனால் மறுபடி பிழைப்பு வந்தது. கணக்குத் தெரியாத தியாகியால் இதெல்லாம் நடக்காது. அந்தப் படிகளின் அடியில் பிகாசோ பெயரோடு மதூரா முத்திரையும் இருக்கும். அந்த ஏழு பிரெஞ்சு எழுத்துக்குள் சூசானுடைய பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் இருக்கின்றன.

சூசான் தனக்கென்று செய்தவற்றை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஓவியம் கிடையாது. வெள்ளை, கறுப்பு, அடக்கமான மெருகு. வடிவம் மட்டுமே பேசும். பிகாசோவின் தட்டுகளைவிட எனக்கு இவைதான் பிடிக்கும். உன் அப்பா இதை என் பிடிவாதம் என்கிறார். 1974இல், பிகாசோ இறந்த மறு வருடம், சூசானும் போய்விட்டார்.

உங்கள் பக்கத்து ஊர்களில் பழைய பொருள் சந்தை போட்டால் ஒரு நடை போய்வா. மண்பாத்திரம் எதையாவது கண்டால் கடைக்காரரிடம் கேட்டுத் திருப்பிப் பார். மதூரா முத்திரை இருந்தால் எனக்குப் படம் அனுப்பு; வாங்கிவிடாதே, விலை கட்டுப்படியாகாது.

அப்புறம், உன் வேலை ஒப்பந்தத்தில் நீ வரைவது யாருடையது என்று எழுதியிருக்கும். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த தோழி யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஒரு முறை வாசி. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது என்ன எழுதியிருக்கிறது என்று சொல். அப்பா தூங்கிய பிறகு கூப்பிடு.

அம்மா