நீர்க்கட்டி ஆம்பளைங்களுக்கும் வரும், அதையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல மருத்துவப் பக்கம் முழுக்க நீர்க்கட்டி பத்தி போட்டிருந்தீங்க. நல்லா இருந்துச்சு, தங்கச்சிக்கு ஆகும்னு எடுத்துக்கூட வச்சேன். ஆனா முதல் வரிலேருந்து கடைசி வரைக்கும் பெண்களைப் பத்தி மட்டும்தான் இருந்துச்சு. இடுப்புக்குள்ள நீர்க்கட்டி ஆம்பளைக்கும் வரும் சார். அபூர்வம்தான், ஆனா வரும். எனக்கு வந்துச்சு, ஆபரேஷன் பண்ணி 14 மாசம் ஆகுது.

25 வயசுல ஆரம்பிச்சது. யூரின் போகும்போது எரிச்சல், போய்ட்டு வந்த அஞ்சு நிமிஷத்துல திரும்ப போகணும்போல இருக்கும், ரொம்ப நேரம் உக்காந்திருந்தா விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல ஏதோ வச்சு அமுக்குற மாதிரி ஒரு கனம். அப்புறம் விந்து வரும்போது வலி, ரெண்டு தடவை ரத்தம் கலந்து வந்துச்சு, அதைப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல. இதை யார்கிட்ட போய் சொல்றது? வீட்ல சொல்ல முடியல, டாக்டர்கிட்ட கூட எரிச்சலை மட்டும் சொல்லிட்டு மத்ததை முழுங்கிட்டேன், அது என் தப்புதான். அவர் இன்ஃபெக்‌ஷன்னு ஆன்டிபயாடிக் குடுத்தார், பத்து நாள் நல்லாருக்கும், ரெண்டு மாசத்துல திரும்ப வந்துடும். அடுத்து பார்த்தவர் மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற புராஸ்டேட் சுரப்பி வீக்கம்னார், இன்னொருத்தர் டென்ஷன்னார். இப்படியே 4 வருஷம் ஓடிப்போச்சு.

எனக்கு இன்னைக்கும் மனசு ஆறாத விஷயம் என்னன்னா, முதல் வருஷம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்லயே இடது கிட்னி தென்படவில்லைன்னு ஒரு வரி இருந்துச்சு. நான் பயந்துபோய் கேட்டதுக்கு, சில பேருக்கு பொறப்புலயே ஒண்ணுதான் இருக்கும், ஒரு கிட்னி போதும், நல்லா வாழலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சொன்னது பொய் இல்ல, ஆயிரத்துல ஒருத்தருக்கு அப்படி இருக்குமாம். ஆனா அந்த வரியும் என் வலியும் ஒரே இடத்துலேருந்து வந்ததுன்னு 4 வருஷமா யாருக்கும் தோணல.

கடைசியா ஒரு யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டர்கிட்ட போனப்பதான் விஷயம் பிடிபட்டுச்சு. பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் மேசைமேல பரப்பி வச்சு படிச்சார், எதையும் விடாம கேட்டார், நானும் முதல் தடவையா எல்லாத்தையும் சொன்னேன். க்ளவுஸ் போட்டு ஆசனவாய் வழியா விரல் விட்டு பார்த்தார், ஒரு நிமிஷம்கூட ஆகல, இடது பக்கம் புராஸ்டேட்டுக்கு மேல மெத்துனு ஏதோ இருக்குன்னார். அந்த ஒரு நிமிஷ பரிசோதனையை அதுவரைக்கும் யாருமே செஞ்சதில்ல. உடனே எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். மூத்திரப்பைக்குப் பின்னாடி, மலக்குடலுக்கு முன்னாடி, இடது விந்துப்பை (விதைப்பை இல்ல, உள்ள விந்து நீரைச் சுரக்குற பை) 6 சென்டிமீட்டருக்கு ஊதிப்போய் கிடந்துச்சு.

ரிப்போர்ட் கவருக்குப் பின்னாடி படம் போட்டு விளக்கினார். வயித்துல கரு உருவாகுற முதல் மாசங்கள்ல ஒரு பக்கத்துக்கு ஒரு குழாய் இருக்குமாம், அதுலேருந்துதான் விந்துப்பை, விந்துக்குழாய், விந்து வெளிய வர்ற வாசல் எல்லாம் வருது, கிட்னியை வளரத் தூண்டுற முளையும் அதே குழாய்லேருந்துதான் கிளம்புது. அந்தக் குழாய் ஒரு பக்கம் சரியா வளரலன்னா அந்தப் பக்கம் கிட்னி வராது, விந்துப்பைக்கு வாசல் இருக்காது, வயசுக்கு வந்தப்புறம் சுரக்குறது வெளிய போக வழியில்லாம உள்ளயே தேங்கி கட்டியாயிடும். இதுக்கு ஸின்னர் சிண்ட்ரோம்னு பேர், 1914-லயே ஸின்னர்ங்கிற டாக்டர் எழுதிவச்சது. பெரும்பாலும் இருபதுலேருந்து நாப்பது வயசுக்குள்ளதான் தலைகாட்டும்னார்.

கட்டி இருந்தாலே கத்தி வைக்கணும்னு இல்ல, இதை அழுத்திச் சொல்ல விரும்புறேன். சின்னதா இருந்து, தொந்தரவும் இல்லன்னா அப்பப்போ ஸ்கேன் பார்த்துட்டு விட்டுடலாம். வலி, அடிக்கடி இன்ஃபெக்‌ஷன், குழந்தை இல்லாம போறது, இப்படி ஏதாவது இருந்தாதான் சிகிச்சையே. ஊசி போட்டு நீரை உறிஞ்சுனா போதாதான்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன், ஆபரேஷன்னா அவ்வளவு பயம். செய்யலாம், ஆனா பை உள்ளயே இருக்குறதால பெரும்பாலும் திரும்ப ரொம்பிடும், ஊசி போற வழியில கிருமி போகவும் வாய்ப்பிருக்குன்னு சொல்லிட்டுதான் செஞ்சார். பழுப்பு நிறத்துல நீர் வந்துச்சு, வலி சட்டுனு குறைஞ்சுது, எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. மூணு மாசத்துல பழையபடி ரொம்பிடுச்சு.

அப்புறம்தான் லேப்ராஸ்கோப்பிக்கு ஒத்துக்கிட்டேன். 1993-லயே லேப்ராஸ்கோப் வழியா விந்துப்பையை எடுக்குற முறையை அமெரிக்க டாக்டருங்க எழுதியிருக்காங்க, இப்ப ரோபோட்டிக்லயும் செய்றாங்க. வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு, மூத்திரப்பைக்குப் பின்னாடி கேமராவை இறக்கி, கட்டியை அக்கம்பக்கத்துலேருந்து பிரிச்சு எடுக்குறது. இடம்தான் ரொம்ப நெருக்கடி. பின்னாடி மலக்குடல் சுவர், ஓரத்துல விறைப்புக்கான நரம்புங்க, சில பேருக்கு வளராத கிட்னியோட மிச்சக் குழாய் கட்டிக்குள்ளயே வந்து திறந்திருக்குமாம், அதையும் தேடிப் பார்த்து சேர்த்து எடுக்கணும். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு மிச்சம் இருக்குறது ஒரே கிட்னி, அதோட குழாய்ல கை பட்டுடக் கூடாது, ஆபரேஷனுக்கப்புறம் வலி மாத்திரை குடுக்குறதுலகூட பார்த்துதான் குடுப்பாங்க. அதனால இந்த இடத்துல கை பழகின சர்ஜனைத் தேடிப் போங்க, இதுக்கு முன்னாடி எத்தனை செஞ்சிருக்கீங்கன்னு தயங்காம கேளுங்க, நல்ல டாக்டர் அதுக்கு கோவிச்சுக்க மாட்டார்.

கேக்க மறந்துடுற இன்னொரு விஷயம் குழந்தை. எனக்கு அப்ப கல்யாணம் ஆகல. ஆபரேஷனுக்கு முன்னாடியே விந்து டெஸ்ட் எடுத்து, அடுத்த பக்கம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்து, வேணும்னா விந்தை உறைய வச்சு சேமிச்சுக்கலாம்னு டாக்டரே எடுத்துச் சொன்னார், நானும் சேமிச்சு வச்சேன். அவர் சொல்லலன்னா எனக்கு அது தோணியே இருக்காது. யூரின் வடியுறதுக்கு வைக்கிற கத்தீட்டர் குழாயோட சில நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஒரு மாசத்துல வேலைக்குப் போய்ட்டேன். இப்ப எரிச்சல் இல்ல, அந்த கனம் இல்ல, மத்ததும் நல்லபடியா இருக்கு.

எல்லா கட்டியும் ஒரே மாதிரி இல்லைங்கிறதையும் சொல்லிடணும். புராஸ்டேட்டுக்கு நட்ட நடுவுல வர்ற கட்டிங்க வேற, அதுல சிலதை யூரின் போற பாதை வழியாவே கருவி விட்டு மேல்கூரையை வெட்டித் திறந்து விட்டுடலாம். மலக்குடலுக்குப் பின்னாடி, வால் எலும்புகிட்ட வர்ற டெயில்கட் கட்டி இன்னும் வேற. பெண்களுக்குதான் அதிகம், ஆம்பளைங்களுக்கும் வரும், மூலம் பக்கத்து சீழ்க்கட்டின்னு நெனச்சு திரும்பத் திரும்ப கீறி விட்டுட்டே இருப்பாங்க. அது சில நேரம் புற்றா மாறலாம்ங்கிறதால முழுசா எடுக்குறதுதான் வழக்கம். ஆசனவாய்கிட்ட அதே இடத்துல மூணாவது தடவையும் சீழ் வச்சா ஒரு எம்ஆர்ஐ எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

அடுத்த தடவை நீர்க்கட்டி பத்தி போடும்போது ஆம்பளைங்களுக்கும் கால் பக்கம் ஒதுக்குங்க சார், ஒரு யூராலஜி டாக்டர்கிட்டயே எழுதி வாங்குங்க. ஒரே கிட்னின்னு ரிப்போர்ட் வந்த பையன் யாராவது இந்த மாதிரி எரிச்சலோட இருந்தா, அந்த ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போய் விந்துப்பையையும் பார்த்தீங்களான்னு கேக்கணும், அதுக்கு அவன் கண்ணுல இது படணும். கடிதத்தைப் போட்டா என் பேர் வேணாம். வீட்ல இப்ப எல்லாருக்கும் தெரியும், ஆபீஸ்ல ஹெர்னியா ஆபரேஷன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்