கறுப்பு மருதாணி என்று ஒன்று கிடையாது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ தலைக்குப் போடப் போவதாக வாட்ஸ்அப்பில் அனுப்பிய "கறுப்பு மருதாணி" பாக்கெட் படத்தை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் மருதாணி இலை, "இயற்கை" என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில், ஆறாவதோ ஏழாவதோ பெயராகப் பாரா ஃபினைலீன் டையமின் என்ற ரசாயனச் சாயம் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைத் தலையில் வைக்காதே. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மருதாணிக்குத் தெரிந்த நிறம் ஒன்றுதான். அதன் இலையில் லாசோன் என்று ஒரு சாயம் இருக்கிறது. அரைத்து ஈரப்படுத்தினால் வெளியே வந்து முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். நகத்தில் வைத்தால் நகம் வளர்ந்து வெட்டும் வரைக்கும் போகாது பார், அதே கதைதான். ஆனால் வருவது செம்மஞ்சள். கறுத்த முடியில் வைத்தால் வெயிலில் நிற்கும்போது லேசான செம்பட்டை தெரியும். நரைத்த முடியில் வைத்தால் புதுச் செங்கல். பாக்கெட் அரைமணியில் கறுப்பாக்குகிறது என்றால், கறுப்பாக்குவது மருதாணி இல்லை.

உன் அத்தை மகன் கல்யாண ஆல்பத்தில் நான் ஏன் ஒரு படத்திலும் இல்லை என்று கேட்டாயே, காய்ச்சல் என்று சொன்னேன். பொய். நீ அப்போது விடுதியில் இருந்தாய். தெருமுனைக் கடையில் வாங்கிய "கறுப்பு மருதாணி" பாக்கெட்டை ஏற்கெனவே இரண்டு தடவை போட்டு ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மூன்றாவது தடவை போட்டேன். ராத்திரி காதுக்குப் பின்னால் அரிப்பு. கொசு என்று நினைத்துச் சொறிந்துகொண்டே தூங்கிவிட்டேன். காலையில் மூக்குக்கண்ணாடியை மாட்டப் போனால் காதுமேல் உட்காரவில்லை, அவ்வளவு வீக்கம். சாயங்காலத்துக்குள் நெற்றி தடித்து, இமை இரண்டும் மூடிக்கொண்டன. தோல் மருத்துவர் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்த ஒவ்வாமை ஒருதரம் வந்தால் ஆயுசுக்கும் போகாது, அடுத்த தரம் இதைவிட மோசமாக இருக்கும்" என்றார். அதிலும் இதே பாரா ஃபினைலீன் டையமின்தான். இது தலைச்சாயத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, தோலில் பூசவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே இருக்கிறதாம்.

அதற்கப்புறம்தான் உன் அம்மாவோடு நானும் வெறும் மருதாணிக்கு மாறினேன். பின்கட்டு மரத்து இலையை அரைத்தே வைத்துப் பார்த்தோம். கைக்கு அதுதான் உசத்தி, தலைக்கு ஆகாது. திப்பி முடியில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் உதிர்ந்தது. சலித்த பொடிதான் சரி. ராஜஸ்தானில் சோஜத் மருதாணிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, புனேயில் உனக்குத் தேடினால் கிடைக்கும். ஆனால் ஊர்ப் பெயரை நம்பாதே, பின்பக்கத்தைப் படி. லாசோனியா இனெர்மிஸ் என்று, மருதாணியின் தாவரவியல் பெயர், அது ஒன்றுதான் இருக்க வேண்டும். அதையும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்கு ஏற்று.

முதல் நாள் ராத்திரி ஆறிய டீ டிக்காஷனில் குழைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து மூடி வை. இரும்புச் சட்டி வேண்டும் என்பார்கள், நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும், அவ்வளவுதான். காலையில் மேலே பழுப்பாகவும் உள்ளே பச்சையாகவும் இருந்தால் சாயம் இறங்கிவிட்டது. உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பார், ஆரஞ்சு ஒட்டியிருக்கும். மூன்று மணி நேரம் தலையில் இருக்கட்டும்.

கறுப்புதான் வேண்டும் என்றால் அவுரி, நீலச் சாயம் தரும் செடி. மருதாணியை அலசிவிட்டு அதன்மேல் அவுரிப் பொடி. நாட்டு மருந்துக் கடையில் நீல அவுரி என்று கேட்டு வாங்கு, பேதிக்குக் கொடுக்கும் நிலாவரையை எடுத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள். இதை ராத்திரியே ஊறவைக்கக் கூடாது, வீரியம் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கால் மணி நேரத்தில் பூசிவிட வேண்டும், எலுமிச்சை கூடாது. ஒன்றரை மணி நேரம் கழித்து அலசினால் பச்சை கலந்த மாதிரி தெரியும், பயந்துவிடாதே. இரண்டு நாளில் கறுத்துவிடும். அதுவரைக்கும் ஷாம்பு போடாதே.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். ஈரச் சாக்கைச் சுமந்த மாதிரி கழுத்து வலிக்கும். உன் அம்மாவுக்குத் தலையில் நீர் கோத்துக்கொண்டு இரண்டு நாள் மண்டையிடி வரும். அதனால் மார்கழியிலும் மழைக்காலத்திலும் அவள் வைப்பதில்லை, நரையோடுதான் திரிகிறாள், அழகாகத்தான் இருக்கிறாள். முடி வறண்டு தும்பு மாதிரி ஆகும், மறுநாள் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தாராளமாக வை. பிடிக்கவில்லை என்றால் அழிக்க முடியாது, வளர்ந்து வெட்டினால்தான் உண்டு. அவுரி ஏறிய முடியைப் பார்லரில் ப்ளீச் செய்யப் போனால் பச்சையாகக் கூட மாறலாம். நீ அடிக்கடி நிறம் மாற்றுகிற ஆள், இதை யோசித்துக்கொள்.

முடி வளரும், நரை நிற்கும் என்று சொல்பவர்களை நம்பாதே. எனக்கு ஒன்றும் வளரவில்லை, நீயே பார்த்திருக்கிறாய். மேலே ஒரு பூச்சு ஏறுவதால் இருக்கிற முடி கொஞ்சம் திடமாகத் தெரியும். அம்மோனியா நெடி இல்லை, கண் எரியாது. நரையும் கறுப்புமாக இருக்கும் தலையில் ஒரே தார் பூசின மாதிரி இல்லாமல் இழைக்கு இழை வேறு சாயலாக வரும். எனக்கு அது பிடிக்கிறது.

குட்டி அடம் பிடித்தாள் என்று அவளுக்கு மட்டும் வைத்துவிடாதே. ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தத்தில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மருதாணியால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடலாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்.

அரைக்கிலோ மருதாணியும் கால்கிலோ அவுரியும் நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். சனிக்கிழமை ராத்திரி கலந்து வை. பின்மண்டைக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள், உனக்கு எட்டாது. கையுறை போட்டுக்கொள்ளச் சொல். இல்லையென்றால் திங்கட்கிழமை ஆபீசில் அவர் விரலைப் பார்த்தே எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: தலையணைக்குப் பழைய உறை போடு. அம்மா இதை மூன்று தடவை சொல்லிவிட்டாள்.