2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயா, அருட்தந்தையரே, போதகர்மாரே, அருட்சகோதரிகளே, நிறுவனங்களைப் பொறுப்பெடுத்து நடத்தும் அண்ணன்மார் அக்காமாரே, எல்லாருக்கும் ஆண்டவருடைய நாமத்தில் வணக்கம்.

மட்டக்களப்பிலும் அதைச் சுற்றியும் கிறிஸ்தவ நிறுவனங்களை நடத்துகிற நாங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்லடியில் கூடிக் கதைக்கிறோம். மெதடிஸ்த, கத்தோலிக்க, இலங்கைத் திருச்சபை, பெந்தெகொஸ்தே, சுயாதீன சபை என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருக்கிறோம். இந்த வருடம் பத்துக் கூட்டம் நடந்தது. உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 20இல் வந்தது. அடுத்த நாள் 21, சீயோன் தேவாலயத்தில் 2019இல் குண்டுவெடிப்பில் இழந்த பிள்ளைகளையும் பெரியவர்களையும் நினைத்து ஜெபித்தோம், வேறொன்றும் கதைக்கவில்லை. டிசம்பரில் வெள்ள வேலையால் கூட்டம் வைக்க முடியவில்லை.

மற்ற விசயங்களுக்குப் போக முதல் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நிர்வாக சபைக் கூட்டறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது, ஆனால் பொதுச்சபைக்கும் நானே வாயால் சொல்வதுதான் சரி.

பெப்ரவரியில் என் அம்மாவை வைத்தியத்துக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று கிழமை அங்கே நிற்க வேண்டி வரும் என்று தெரிந்தது. எங்கள் கணக்கில் நானும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்து வைத்தால்தான் காசு எடுக்கலாம், அவசரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, தொகையும் பெயரும் எழுதாத ஐந்து செக் தாளில் கையெழுத்து வைத்துப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பிழையாகவே படவில்லை. நல்ல மனுசர், பதினைந்து வருடமாகப் பழக்கம், ஒரு சதம் பிசகாதவர். அப்படியே ஒரு சதமும் பிசகவில்லை. ஒரு தாளைத்தான் பாவித்திருந்தார், அதற்கும் பற்றுச்சீட்டு இருந்தது, மற்ற நான்கையும் நான் வந்ததும் திருப்பித் தந்தார்.

ஜூலையில் கணக்குப் பார்த்த ஐயா, வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அந்த வவுச்சரில் விரலை வைத்து, "இந்தத் திகதியில நீங்க கொழும்பில எல்லோ தம்பி?" என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பொருளாளருக்கு அந்தக் கிழமையில் ஏதும் நடந்திருந்தால் அந்தத் தாள்கள் யாருடைய கையில் இருந்திருக்கும் என்று மட்டும் கேட்டார். பொருளாளர் அப்புறம்தான் வாய் திறந்தார். தாள்களை வீட்டு லாச்சிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாராம், மூன்று கிழமையும் சரியான நித்திரை இல்லையாம். நம்பிக்கை என்று நினைத்து நான் அவர் தலையில் எவ்வளவு பெரிய சுமையை ஏற்றியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இரண்டு கையெழுத்து என்று யாப்பில் போட்டது பொருளாளரைச் சந்தேகித்து அல்ல, அவர் நிம்மதியாகப் படுப்பதற்கும்தான். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த காசைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை, தீத்துவோடு சபைகளே தெரிந்துகொண்ட இன்னொரு சகோதரனையும் சேர்த்து அனுப்புகிறார், ஒருவரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று காரணமும் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8). எத்தனை தரம் பிரசங்கத்தில் கேட்ட பகுதி அது!

இப்போது மூன்று பேர் கையெழுத்துக்காரர்கள், அதில் யாராவது இரண்டு பேர் போதும், ஒரே குடும்பத்து ஆட்கள் இரண்டு பேர் இருக்க முடியாது. வெறும் தாளில் யாரும் கையெழுத்து வைப்பதில்லை. வெறும் தாளில் கையெழுத்து வைக்கிற பழக்கம் தங்களிடமும் இருப்பதாக நான்கு நிறுவனங்களின் ஆட்கள் கூட்டம் முடிந்து என்னிடம் வந்து சொன்னார்கள், இரண்டு பேர் உடனேயே மாற்றிவிட்டார்கள். மற்ற இரண்டு பேரையும் நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஓகஸ்ட் கூட்டத்துக்கு ஒரு தங்கச்சி வந்திருந்தா. முப்பதுக்கு மேல் ஊழியர் உள்ள ஒரு நிறுவனத்தில் பதினொரு வருடம் கள உத்தியோகத்தராக வேலை செய்துவிட்டு விலகினவ. நிறுவனத்தின் பெயரை அவ சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பதினொரு வருடத்தில் அவவுக்கு ஊழியர் சேமலாப நிதி ஒரு மாதம்கூடக் கட்டப்படவில்லை. கேட்ட நேரமெல்லாம், "இது வேலையில்லை பிள்ள, ஊழியம்" என்ற பதில்தானாம். சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் சேமலாப நிதிக்குப் போக வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம் தொழில்கொள்வோரே கட்ட வேண்டும். அதோடு பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், அவவுக்கென்றால் ஐந்தரை மாதச் சம்பளம். அவ கணக்கை ஒரு கொப்பித் தாளில் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்திருந்தா. எட்டாக மடித்து வைத்திருந்த தாள், மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம். யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் கூப்பிடுவது வயல் அறுத்தவர்களின் கூலி, அந்த வயல்காரன் கோயிலுக்குப் போகாதவன் என்று எங்கும் எழுதவில்லை. ஊழியம் என்ற வார்த்தையை எங்கள் பிள்ளைகளின் சம்பளத்தைக் குறைக்கப் பாவிக்கக் கூடாது. தலைவர் மனமுவந்து குறைவாக எடுப்பது அவருடைய தியாகம், மற்றவரின் பங்கைக் கட்டாமல் விடுவது வேறு. காசு இல்லையென்றால் இரண்டு பேரைக் குறைவாக எடுத்து, எடுத்தவர்களுக்கு ஒழுங்காகக் கட்டலாம். அவவைத் தொழில் திணைக்களத்துக்குக் கூட்டிக்கொண்டு போக எங்களில் ஒரு அக்கா பொறுப்பெடுத்தா, அது இன்னும் முடியவில்லை.

செப்டெம்பரில் சட்டத்தரணி ஒருவர் வந்து காணி உறுதிகளைப் பற்றிப் பேசினார். எங்கள் பக்கத்தில் ஊழியத்தை ஆரம்பித்தவர் தன் பெயரிலேயே காணி வாங்குவது சாதாரணம், காசு சபையாருடையது, உறுதி பாஸ்டருடையது. அவர் கண்மூடினால் அது பிள்ளைகளுக்கு முதுசமாகப் போகும், பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தாலும் மருமக்களும் இருக்கிறார்கள். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டப்படி பொறுப்பாளர்கள் பெயரில் வைக்கும் வழி இருக்கிறது என்று விளக்கினார். ஆரம்பித்தவர் உயிரோடும் நல்ல மனதோடும் இருக்கும்போதே நொத்தாரிசிடம் போக வேண்டும். அடுத்த மாதம் சிறுவர் பாதுகாப்பு. பிள்ளை ஒன்றைப் பற்றி முறைப்பாடு வந்தால் நாங்களே விசாரித்து மூடிவைப்பதில்லை, 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசிக்கோ பொலிசுக்கோ அன்றைக்கே சொல்வது என்று எல்லாரும் கையெழுத்து வைத்தோம். நிறுவனத்தின் பெயர் கெட்டுப்போகும் என்ற பயத்தைப் பற்றி ஒரு அருட்சகோதரி கண் கலங்கிப் பேசினா, அதற்குப் பிறகு ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

அப்புறம் நவம்பர். டித்வா புயல். மலையகத்துச் செய்தி வர வர எங்கள் வயிறு கலங்கியது, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் தண்ணீருக்குள். நாங்கள் சேர்த்த அரிசி, பருப்பு, பால்மா, பாய், பெண்களுக்குத் தேவையான சாமான்கள் என்று இரண்டு பங்காகப் பிரித்தோம். வழி திறந்ததும் ஒரு லொறி செங்கலடிச் சந்தியால் திரும்பி மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்குப் போனது. மற்றது படுவான்கரையில் வவுணதீவுப் பக்கம்.

முதல் இரண்டு நாளும் பிழை விட்டோம். மூன்று நிறுவனம் ஒரே றோட்டோரக் கிராமத்துக்குப் போய்க் கொடுத்திருக்கிறது, உள்ளே வாய்க்காலுக்கு அங்கால் இருந்தவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காட்சி நல்லாத் தெரியும், வாகனம் போகிற இடத்துக்குத்தான் உதவியும் போகும். மூன்றாம் நாள் கிராம உத்தியோகத்தரிடம் பட்டியல் வாங்கி, எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக ஒரே கொப்பி போட்டோம். யார் எந்த வீட்டுக்கு, என்ன, எத்தனை கிலோ, வாங்கினவரின் கையெழுத்து. ஒரு அம்மா கையெழுத்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆள் ஆஸ்பத்திரியில், அவவின் பெயரையும் எழுதுங்க தம்பி என்று சொல்லித் தந்தா. அப்படிச் சேர்ந்த பெயர்கள் பட்டியலில் இல்லாதவை.

பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைக்கலாமா என்று இரவு இரண்டு மணித்தியாலம் விவாதம் நடந்தது. வைக்க வேண்டும் என்று சொன்ன சகோதரர்களின் மனதில் இருந்தது சுவிசேசத்தின் மேலுள்ள அன்புதான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பசியோடு நிற்கிறவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரத்தில் கையில் திணிப்பது எனக்கு நேர்மையாகத் தெரியவில்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் நாங்களும் தோளோடு தோள் இருக்கிற மாவட்டம் இது, அரிசிக்குள் வேறு எண்ணம் இருக்கிறது என்று ஒருவர் நினைத்தாலும் அடுத்த வெள்ளத்தில் கதவு திறக்காது. கடைசியில் வைப்பதில்லை என்று முடிவானது, வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுப்பதுமில்லை என்றும். நன்கொடை தந்தவர்களுக்குப் படத்துக்குப் பதிலாக அந்தக் கொப்பியின் பிரதியை, பெயர்களை மறைத்து அனுப்பினோம். இரண்டு பேர் படம் இல்லையா என்று கேட்டார்கள். காரணத்தை எழுதினோம், ஒருவர் பதில் போட்டார், மற்றவரிடமிருந்து இதுவரை இல்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா கட்டாத நிறுவனங்கள் இருக்கின்றன, பெயர்ப்பட்டியல் அவரிடம் உண்டு.

யாப்புத் திருத்தம் ஒன்று உங்கள் முன் வருகிறது. ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒருவரும் இருக்கக் கூடாது. இது நிறைவேறினால் முதலில் இறங்க வேண்டியவன் நான், எனக்கு இது மூன்றாவது தவணை. நிறைவேறாவிட்டாலும் நான் இறங்குகிறேன். என்னோடு இந்த வருடம் முழுக்க வேலை பழகிய தங்கச்சியின் பெயர் பிரேரிக்கப்பட்டிருக்கிறது, கூட்டறிக்கைகளை ஜூன் மாதத்திலிருந்து அவதான் எழுதுகிறா.

எஸ்றா எருசலேமுக்குப் புறப்படும் முதல் வெள்ளியையும் பொன்னையும் ஆசாரியர் பன்னிரண்டு பேரிடம் நிறுத்துக் கொடுத்தார், போய்ச் சேர்ந்ததும் திரும்ப நிறுத்து, தொகையையும் நிறையையும் எழுதி வைத்தார்கள் (எஸ்றா 8). அதேபோல முன் மேசையில் கூட்டறிக்கைப் புத்தகம் மூன்று, கடிதக் கோவை இரண்டு, நிவாரணக் கொப்பி, ரப்பர் முத்திரை, அலுமாரிச் சாவி இரண்டு வைத்திருக்கிறேன். காசோலைப் புத்தகம் பொருளாளரிடம். தெரிவு முடிந்ததும் புதிய செயலாளர் சபையின் முன் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பட்டியல் இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன், ஒன்று அவவுக்கு, மற்றது எனக்கு.

செயலாளர்
மட்டக்களப்பு