ஹிஸ்டரி ஒத்தையா படிச்சா பாட்டாவோட பிரமாணத்த யாரு படிப்பா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் உங்க பேப்பர்ல 'அடுத்து என்ன படிக்கலாம்'னு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, இன்ஜினியரிங் இருந்துச்சு நர்சிங் இருந்துச்சு கேட்டரிங் கூட நல்லா விலாவாரியா இருந்துச்சு, பி.ஏ. வரலாறுக்கு மட்டும் ஒரே ஒரு வரி, போட்டித் தேர்வுக்கு உதவும்னு. அந்த ஒரு வரியால எங்க வீட்டுல ரெண்டு நாள் சண்ட. பொண்ணு ஹிஸ்டரிதான் படிப்பேன்னு நிக்கா, அவ சித்தப்பா "குரூப் ஃபோர் எழுத எதுக்கு மூணு வருஷம், கைடு வாங்கினா போதும்லா"ங்கான். நான் முதல்ல அவன் பக்கம்தான் இருந்தேன், பொய் சொல்லக்கூடாது.

நான் கன்னியாகுமரி ஜில்லா தக்கலைல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கட வச்சிருக்கேன். மாசத்துக்கு நாலஞ்சு பேராவது பழைய பிரமாணம், அதாவது நிலப் பத்திரம், கொண்டு வருவாங்க, பிளாஸ்டிக் கவர்ல பச்சப்புள்ளைய தூக்கிட்டு வர்ற மாதிரி. மடிச்ச இடத்துல எல்லாம் ஒடஞ்சிருக்கும். 1956 நவம்பர் 1க்கு முன்னாடி நம்ம ஜில்லாவோட அப்போதைய நாலு தாலுகாவும் திருவிதாங்கூர் பக்கம்தான, அதனால எழுத்து மலையாளம், வருஷம் கொல்லம் வருஷம், அதாவது மலையாளக் காலண்டர் கணக்கு. வர்றவங்களுக்கும் படிக்கத் தெரியாது எனக்கும் தெரியாது, சும்மா காப்பி எடுத்துக் குடுப்பேன், அவ்வளவுதான்.

எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, என் பாட்டா, அதாவது தாத்தா, எழுதிக்குடுத்தது. பாட்டா ஏமாந்து போயி நல்ல தோப்ப கிடைச்ச காசுக்கு வித்துப்புட்டாருன்னு சின்னதுல இருந்து கேட்டு வளந்தவங்க நாங்க, நல்ல நாள் பொல்லாத நாள் எல்லாம் யாராவது ஒருத்தர் அவர ஏசாம சாப்பாடு இறங்காது. இத ஒரு ஆபீசுக்கு கொண்டு போனப்ப அங்க இருந்த பையன் 1101ங்கிற வருஷத்த பாத்துட்டு "இது டாக்குமெண்ட் நம்பரா சார்"னு கேட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது, அவனுக்கு யாரு சொல்லித் தந்தா? எம் பொண்ணு பக்கத்து வீட்டு டீச்சரம்மாட்ட மலையாள எழுத்து படிச்சிருந்தா, கேரளா பஸ் போர்டு எல்லாம் படிச்சு படிச்சு கை வந்திருச்சு. ஒரு ஞாயித்துக்கிழம கடை மேசைல வச்சு வெரல் வச்சு எழுத்துக் கூட்டி படிச்சா. 1101 மேட மாசம், நம்ம சித்திரை, அதோட 825 கூட்டினா 1926. கீழ வந்தா, விலைனு எங்கயும் இல்ல, ஒற்றினு இருக்கு. நாம இப்பவும் வீட்ட ஒத்திக்கு குடுக்கோம்லா, அதே ஒத்தி. பாட்டா தோப்ப விக்கல, பணம் வாங்கிட்டு அனுபவிக்க குடுத்திருக்காரு, திரும்ப மீட்க முடியாம போயிருக்கு. நூறு வருஷம் ஆகப் போகுது, தோப்பு ஒண்ணும் திரும்பி வராது. ஆனா பாட்டாவ ஏசறது அன்னையோட நின்னுச்சு.

இப்ப நான் கேக்குறது இதுதான். அவ அன்னைக்கு பண்ணினது ஹிஸ்டரியா, மொழியா, சட்டமா, கணக்கா? எல்லாம் சேந்ததுதான. இத ஒண்ணா சேத்து சொல்லிக் குடுக்க ஒரு படிப்பு நம்ம ஜில்லாவுல இருக்கா?

அட்மிஷன் விசாரிக்க ஒரு காலேஜுக்கு போயிருந்தோம், பேரு வேண்டாம். ஹிஸ்டரி மெயின் எடுத்துட்டு கூட மலையாளம், கல்வெட்டு, நிலச் சட்டம் இப்படி எடுக்க முடியுமானு பொண்ணு கேட்டா. கவுண்டர்ல இருந்தவரு நிமிர்ந்து கூட பாக்காம "அலைடு எது, எலெக்டிவ் எதுனு டைம்டேபிள்ல இருக்கும்மா"ன்னுட்டாரு. அந்த எலெக்டிவ்னு சொல்றது வாரத்துல ரெண்டு மணி நேரம், எந்த வாத்தியார் ஃப்ரீயா இருக்காரோ அவரு பாடம். பிள்ளைக்கு வேணுங்கிறது இல்ல.

வெளிநாட்டுல இதுக்கு ஜாயிண்ட் ஆனர்ஸ்னு பேரு வச்சு நடத்துறாங்க. ஆக்ஸ்ஃபோர்டுல ஹிஸ்டரியும் எக்கனாமிக்சும் சேத்து படிக்கலாம், ஹிஸ்டரியும் அரசியலும் சேத்து படிக்கலாம், தத்துவம் அரசியல் பொருளாதாரம் மூணையும் சேத்து ஒரே டிகிரியா 1920லயே ஆரம்பிச்சுட்டாங்க. இங்க யுஜிசி 4 வருஷ ஆனர்சுக்கு 160 கிரெடிட்னு சொல்லுது, நம்ம மாநிலம் அத ஏத்துக்கல, 3 வருஷ டிகிரிதான் ஓடுது. எனக்கு அதுல வருத்தம் இல்ல கேட்டீங்களா, நாலாவது வருஷ ஃபீஸ எவன் கட்டுறது. இருக்கிற மூணு வருஷத்துக்குள்ள பாடத்த கலந்து குடுங்கனுதான் சொல்லுதேன்.

இது நமக்கு புதுசும் இல்ல. நம்ம ஜில்லா ஆர்ட்ஸ் காலேஜ்கள் எல்லாம் யாரு பேருல இருக்கிற யுனிவர்சிட்டிக்கு கீழ இருக்கு? மனோன்மணியம் சுந்தரனார்ங்கிற சுந்தரம் பிள்ளை. திருவனந்தபுரத்துல தத்துவ வாத்தியாரு, எழுதினது மனோன்மணியம் நாடகம், அதுல இருந்துதான் நாம பாடுற தமிழ்த்தாய் வாழ்த்து, அது போக கல்வெட்ட படிச்சு திருவிதாங்கூர் பழைய ராஜாக்கள் காலத்த கணக்கு போட்டவரு. தேரூர் கவிமணியும் அப்படித்தான், நாம பிள்ளைங்களுக்கு பாட்டுதான் சொல்லித் தாறோம், அவரு காந்தளூர்ச் சாலை பத்தி இங்கிலீஷ்ல ஆராய்ச்சி எழுதினது எத்தன பேருக்கு தெரியும்? இன்னும் பின்னால போனா முன்சிறை பக்கத்துல பார்த்திவபுரத்துல ஆய் வம்சத்து ராஜா கருநந்தடக்கன் 866ல ஒரு சாலை, அதாவது காலேஜ், வச்சு 95 பேருக்கு சோறு போட்டு படிப்பு குடுத்திருக்கான், அங்க சேர இலக்கணமும் தெரியணும் மூணு ராஜ்யத்து விவகாரமும் தெரியணுமாம். எங்கள மாதிரி ஆளுங்கள அந்த வாசல்ல கூட நிக்க விட்டிருக்க மாட்டாங்க, அது வேற கத.

புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டைக்கு போயி பாருங்க. 1741ல டச்சுக் கம்பெனிப் படைல இருந்து குளச்சல்ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாட்ட தோத்து புடிபட்டு பெறவு அவரு படைக்கே தளபதி ஆன டிலனாய் கல்லற அங்க இருக்கு, கல்லுல லத்தீனும் இருக்கு தமிழும் இருக்கு. டச்சுக்காரங்களோட கொச்சி ரெக்கார்டு எல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல கிடக்கு. டச்சு தெரிஞ்ச ஒரு குமரி மாவட்டத்து பிள்ள இருந்தா எவ்வளவு கிடைக்கும்! நாங்க ஸ்கூல்ல இருந்து பிக்னிக் போயி அந்த கோட்டைல மான் பாத்துட்டு புளியோதர தின்னுட்டு வந்தோம்.

காலேஜ்காரங்க இத படிச்சா ஒண்ணு செய்யலாம், புதுசா கட்டடம் ஒண்ணும் வேண்டாம், மலையாளம் தெரிஞ்ச வாத்தியாரும் சட்டம் தெரிஞ்ச வக்கீலும் வேணும்னா இந்த ஜில்லாவுல தடுக்கி விழுந்தா ஒருத்தர் இருக்காங்க. வாரம் நாலு மணி நேரம் ஹிஸ்டரி பிள்ளைங்களுக்கு பழைய பிரமாணத்த வச்சு பாடம் நடத்தட்டும். பிரமாணம் நான் தாறேன், என் கடைக்கு வர்றவங்ககிட்ட கேட்டு காப்பி எடுத்து தாறேன், காசு வேண்டாம்.

பொண்ணு ஹிஸ்டரிலதான் சேந்திருக்கா. பாட்டா பிரமாணத்துல கடைசி ரெண்டு வரி கரையான் அரிச்சது போக பாதி எழுத்துதான் இருக்கு, அத இன்னும் விடாம பூதக்கண்ணாடி வச்சு பாத்துட்டு இருக்கா. அடுத்த வருஷம் அந்தப் பக்கத்த போடும்போது வரலாறுக்கு ரெண்டு பத்தியாவது ஒதுக்குங்க ஐயா.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்கார வாசகன்,
தக்கலை