கடன் விகிதம் உயர்ந்தால் வளர்ச்சி வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் துறைக்கான கடன் (நிறுவனங்களும் தனிநபர்களும் வாங்கும் கடன்) இந்தியாவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியாகவே இருக்கிறது என்றும், சீனாவைப் போல அதை உற்பத்தியின் அளவுக்கும் மேலே கொண்டுசென்றால் வளர்ச்சி வேகமெடுக்கும் என்றும் தங்கள் இதழ்க் கட்டுரை கூறியிருந்தது. வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

கட்டுரையாளரின் வாதத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏறத்தாழ 80 நாடுகளின் 1960 முதல் 1989 வரையிலான கணக்குகளை ஆராய்ந்த கிங், லெவைன் ஆகிய பொருளியலாளர்கள், தொடக்கத்தில் நிதித்துறை வலுவாக இருந்த நாடுகள் பின்னர் வேகமாக வளர்ந்தன என்று 1993இல் காட்டினர். ஆனால் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வரும் என்பார்களே தவிர, எறும்பு ஏறியதால்தான் மழை பெய்தது என்று யாரும் சொல்வதில்லை. வளர்ச்சி வரப்போவதை மோப்பம் பிடித்தும் வங்கிகள் கடனைப் பெருக்கக்கூடும். தொழில் முன்னே சென்றால் நிதி பின்னே வரும் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1952லேயே எழுதியதை இங்கே நினைவுகூரலாம்.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. மூன்று லட்சத்துச் சொச்சம் மக்களே வாழும் அந்நாட்டில், தனியார்மயமான வங்கிகள் சில ஆண்டுகளுக்குள் நாட்டின் உற்பத்தியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு சொத்துக்கணக்கு காட்டின. 2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன. தனியார் கடன் உற்பத்தியின் 100 விழுக்காட்டை எட்டும் நிலையில் அது வளர்ச்சிக்கு உதவுவதற்குப் பதில் தடையாகத் தொடங்குகிறது என்று, பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்) 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வுத்தாளும் எச்சரித்தது. கட்டுரையாளர் இலக்காக வைப்பதோ அந்த எல்லைக்கும் அப்பால்.

விகிதத்தைவிட, கடன் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறக்க வேண்டும் என்ற விதி 1977 முதல் 1990 வரை நம் நாட்டில் இருந்தது. அப்படித் திறந்த கிளை ஒன்றில் நான் வேலை பார்த்திருக்கிறேன். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் முதன்முறையாக வங்கிக்கு வந்து, கறவை மாட்டுக்கும் பம்புசெட்டுக்கும் கடன் வாங்கினார்கள். அதில் திரும்பி வராத கடனும் கணிசமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இருந்தும், அந்தக் கிளை விரிவாக்கத்தால் ஊரக வறுமை குறைந்ததாகவும் வேளாண்மை சாராத உற்பத்தி கூடியதாகவும் பர்ஜஸ், பாண்டே ஆகிய பொருளியலாளர்கள் 2005இல் எழுதினர். அம்முடிவை மறுத்தவர்களும் உண்டு.

வங்கிக்கடன் எந்தெந்தத் துறைக்குப் போகிறது என்ற கணக்கை ரிசர்வ் வங்கி மாதந்தோறும் வெளியிடுகிறது. இனி இவ்விகிதத்தைத் தாங்கள் அச்சிடும்போது, அதில் வீட்டுக்கடனும் நகைக்கடனும் தனிநபர் கடனும் எவ்வளவு, சிறுதொழிலுக்குச் சென்றது எவ்வளவு என்பதையும் பிரித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
திருவாரூர்.