பைபர் படகுக்கு விலை பேசும் சம்மாட்டிமாருக்கு

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டிக் கரைகளில் படகு வைத்திருக்கும் சம்மாட்டிமாருக்கும், நாட்டுப்படகு மீனவர் சங்கங்களுக்கும்,

வணக்கம். உங்கள் பைபர் படகுக்கு மோல்டில், அதாவது அச்சில், மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பை விரித்து, ரெசின் என்ற பிசினைத் தடவுகிறவர்களில் நானும் ஒருத்தன். அட்வான்ஸ் கொடுக்க வரும்போது நீளம் கேட்பீர்கள், எடை கேட்பீர்கள், எந்த இன்ஜின் தாங்கும் என்று கேட்பீர்கள். எல்லாம் முடிந்து, "என்னைக்குத் தருவீங்க?" என்பீர்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் எங்கள் உடம்பில் விழுகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அப்போது நாட்டுப்படகு மீனுக்கு விலை கிடைக்கும் என்பதால் தடைக்கு முன்னாலேயே புதுப் படகு இறங்கவேண்டும் என்பது உங்கள் கணக்கு. நியாயமான கணக்குதான். தடை தொடங்கியதும் விசைப்படகுக்காரர்கள் வருவார்கள்: கரையேற்றிய மரப்படகுக்கு பைபர் அடிக்கணும், கடல் திறப்பதற்குள் முடிக்கணும். ஆக, வருஷத்தின் பெரும்பாலான வேலை இராமநாதபுரம் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் வந்து குவிகிறது.

ரெசினில் ஸ்டைரின் என்ற ரசாயனம் இருக்கிறது. பட்டறைக்குள் நுழைந்ததும் உங்கள் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். சுமார் 31 டிகிரி வெப்பத்திலேயே, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது ஆவி விடும். நம் ஊரில் பங்குனி பிறந்தால் 31 டிகிரி எல்லாம் நடுப்பகலுக்கு முன்பே வந்துவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது. படகின் குழிக்குள் தேங்கி நிற்கும். நாங்கள் குனிந்து ரோலர் ஓட்டுவது அந்தக் குழிக்குள்தான். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய் நெடியே தெரியாது. ஆனால் தலை கிறுகிறுக்கும், கள் குடித்தவன் போலக் கால் பின்னும். நாள்பட்டால் நிறம் பிரித்தறியும் பார்வை மங்கலாம், காது மந்தமாகலாம், அதிலும் கிரைண்டர் சத்தம் சேர்ந்தால் காதுக்கு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரினைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் ஒரு படி மேலே ஏற்றியது. மூக்கில் கட்டிய ஈரத்துண்டும் மருந்துக்கடை மாஸ்க்கும் தூசியைக் கொஞ்சம் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க்தான் வேண்டும். வளைகுடாவில் பைப் யார்டில் இருந்தபோது அது இல்லாமல் எங்களை உள்ளே விடமாட்டார்கள். ஊருக்கு வந்தால் துண்டு.

அவசரம் படகையும் கெடுக்கும் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர், நூறு பங்கு ரெசினுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்குதான். நடுப்பகல் சூட்டில் அந்த அளவுக்கே ரெசின் வாளியில் கொதித்துக் கட்டிப்போகும். சீக்கிரம் காயட்டும் என்று இன்னும் ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். மேட்டில் ரெசின் ஊறுவதற்குள் இறுகிவிட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். மேல்பூச்சான ஜெல் கோட் பளபளவென்று இருப்பதால் உங்களுக்குத் தெரியாது. பிறகு அந்த இடத்தில் தண்ணீர் இறங்கி ஊதும், உரியும். அப்போது "பட்டறைக்காரன் ஏமாத்திட்டான்" என்ற பேச்சு வரும்.

இன்னொன்று. படகு பார்க்க வரும்போது பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள். ஹார்ட்னர் தண்ணீர் மாதிரியே இருக்கும். பல பட்டறைகளில் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் வைத்திருக்கிறார்கள். கண்ணில் ஒரு சொட்டு பட்டால் அந்த நொடியே கழுவத் தொடங்கி, கால்மணி நேரமாவது விடாமல் கழுவவேண்டும். தாமதித்தால் பார்வையே போகலாம். ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட் கரைசலோடு ஹார்ட்னரை நேராகக் கலந்தால் வெடிக்கும்.

நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகளைத் தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் எட்டுவதில்லை. முதலாளியிடம் நாங்கள் கேட்டால், "சம்மாட்டி அந்த விலை தரமாட்டாரே" என்பார். அதனால் உங்களிடமே கேட்கிறேன். விலை பேசும்போது ஆளுக்கொரு கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கையும், மாற்றுக் கார்ட்ரிட்ஜையும் சேர்த்தே பேசுங்கள். ஒரு பேரல் ரெசின் விலைக்கு முன்னால் அது சின்னத் தொகை. கோடையில் வெயில் ஏறுமுன்னும் சாய்ந்த பின்னும் மட்டும் லேமினேஷன், அதாவது மேட் விரித்து ரெசின் தடவும் வேலை, நடக்கட்டும். அதற்காகச் சில நாள் தள்ளிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆர்டரை மாசியில் தராமல் ஐப்பசியிலேயே பேசி முடியுங்கள்.

சங்கங்களுக்குத் தனியாக ஒன்று. மத்திய அரசு 2020இல் தொடங்கிய மத்ஸ்ய சம்பதா மீன்வளத் திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வகுத்தார்கள். மானியத்தில் வாங்கும் பைபர் படகு எந்தப் பட்டறையில், எந்தப் பாதுகாப்போடு செய்யப்பட்டது என்பதையும் நிபந்தனையில் சேர்க்கச் சொல்லி மீன்வளத்துறையிடம் மனுக் கொடுங்கள். நாங்கள் கொடுத்தால் நாலு பேர் மனு, நீங்கள் கொடுத்தால் கடற்கரையின் மனு. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எடுத்தால், மேட்டும் ரோலருமாக வந்து விளக்கிச் சொல்ல எங்களில் ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பைபர் பட்டறைத் தொழிலாளி ஒருவன்